வேலைகளுக்கு இடையே உள்ள அவகாசம் யாருக்குச் சொந்தம்?

தீபாவளிக்கு விற்க வேண்டிய சரக்கு தீபாவளிக்கு மறுநாள் வந்து சேருமாயின் அதனால் யாருக்குப் பயன்? நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் எவரும் இக்கேள்விக்கு விடை கூற யோசிக்க வேண்டியதில்லை. நூல் நல்ல நூலாக இருக்கலாம். சாயம் கெட்டியான சாயமாக இருக்கலாம். நெசவிலும் குறை இல்லாதிருக்கலாம். எனினும் நாள் தவறிய சரக்கு பண்டகசாலையில் அடுக்கப்பட்டுக் கிடக்கிறது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறுகிறது.

இவ்வாறு நேர்ந்தபின் சங்கத்தில் எழும் முதற் கேள்வி, 'தாமதம் செய்தவர் யார்?' என்பதே. அப்போது எல்லோருடைய கண்ணும் கடைசியாக வேலையை முடித்துக் கொடுத்தவர் மீது விழுகிறது. உண்மையில் காலம் தொலைந்த இடம் அதுவாக இராது. பல வாரங்களுக்கு முன் வேறொருவர், 'எனக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே' என்று எண்ணிச் சில நாட்களைச் செலவிட்டிருப்பார். அந்த நாட்கள் அவருக்கு உரியனவா, பிறருக்கும் பங்குள்ளனவா என்று அவரும் கேட்கவில்லை. அவருக்கு எவரும் சொல்லவுமில்லை.

ஆகவே, ஒரு வேலைக்கு உள்ள அவகாசம் என்பது என்ன, அதில் எத்தனை வகை உண்டு, எந்த வகையை யாரும் கேளாமல் செலவிடலாம், எதைக் கேட்டே செலவிட வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம். இதற்குப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

இக்கணக்கு தோன்றிய வரலாறு

இம்முறை அமெரிக்காவில் 1950-களின் பிற்பகுதியில் உருவாயிற்று. டூபாண்ட் என்னும் இரசாயனக் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கர் என்பவரும், கணிப்பொறி செய்து வந்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லி என்பவரும் 1957-ஆம் ஆண்டளவில் இதனை வகுத்தனர். ஆலை கட்டுதல், ஆலையைப் பழுதுபார்த்தல் போன்ற பெரிய காரியங்களில் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் வேலைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. எந்த வேலை தாமதித்தால் முழுக் காரியமும் தாமதிக்கும், எந்த வேலை சிறிது தாமதித்தாலும் கேடில்லை என்று பிரித்தறிவதே அவர்கள் நோக்கம். செலவைக் கூட்டிக் காலத்தைக் குறைக்க நேர்ந்தால், அச்செலவை எந்த வேலையில் செய்வது என்பதும் அவர்கள் ஆராய்ந்த பொருள். 1959-இல் இதனை அவர்கள் கட்டுரையாக வெளியிட்டனர்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் டூபாண்ட் கம்பெனிக்கு நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அபாயமான பொருள்களைக் கையாளும் ஆலையாதலின், அது ஓடிக்கொண்டிருக்கையில் பெரும்பாலான பழுதுகளைப் பார்க்க இயலாது. நிறுத்தியே பார்க்க வேண்டும். அவ்வாறு நிறுத்தும் காலம் சராசரியாக 125 மணி நேரமாக இருந்தது, இம்முறையைக் கையாண்ட பின் 93 மணி நேரமாகக் குறைந்தது. எல்லா வேலையையும் வேகப்படுத்தாமல், வேகப்படுத்தத் தக்க வேலை எது என்று தெரிந்துகொண்டதன் பலன் அது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1958-இல், அமெரிக்கக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணை வேலைக்காகப் 'பெர்ட்' என்னும் இதையொத்த முறையை வகுத்தனர். நாம் அவகாசம் என்று கூறுவதை முதற்கூறிய முறையினர் 'ஃப்ளோட்' என்றும், கடற்படை முறையினர் 'ஸ்லாக்' என்றும் வழங்கினர். முன்னது மிதப்பது, பின்னது தொய்வாக இருப்பது. தறியில் பாவு விறைப்பாக நிற்க வேண்டிய இடமும், சற்றுத் தொய்வு கொடுக்க வேண்டிய இடமும் நெசவாளர் அறிந்தவையே. காலத்திலும் அவ்வாறே விறைப்பான இடமும் தொய்வான இடமும் உண்டு.

ஓர் உதாரணம்

ஒரு நெசவாளர் சங்கத்துக்குப் படுக்கை விரிப்புகள் நெய்து அனுப்ப ஓர் ஆர்டர் வந்ததாக வைத்துக்கொள்வோம். 20 தறிகள் அதற்கென ஒதுக்கப்படுகின்றன. செய்ய வேண்டிய வேலைகளும் அவற்றிற்கு ஆகும் வேலை நாட்களும் வருமாறு:

1. நூல் வாங்கிக் கொண்டுவருதல் – 6 நாள்.
2. நூலுக்குச் சாயம் தோய்த்து உலர்த்துதல் – 8 நாள். நூல் வந்த பின்னரே தொடங்கலாம்.
3. பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, தறிகளில் ஏற்றுதல் – 6 நாள். சாயம் முடிந்த பின்.
4. நெசவைத் தொடங்கப் போதுமான ஊடு நூலைத் தார் சுற்றி வைத்தல் – 3 நாள். இதுவும் சாயம் முடிந்த பின்.
5. டிசைன் அட்டை அடித்தல் – 7 நாள். முதல் நாளே தொடங்கலாம்.
6. அட்டைகளைக் கோத்து, ஜக்கார்டுப் பெட்டிகளில் ஏற்றிச் சரிபார்த்தல் – 4 நாள். அட்டை அடித்து முடிந்த பின்.
7. நெய்தல் – 24 நாள். பாவு, தார், அட்டை ஆகிய மூன்றும் தயாரான பின்.
8. லேபிள்களும் உறைகளும் அச்சிட்டு வாங்குதல் – 5 நாள். முதல் நாளே தொடங்கலாம்.
9. துணியைச் சோதித்து, மடித்து, கட்டுதல் – 4 நாள். நெசவும் உறைகளும் முடிந்த பின்.
10. லாரியில் ஏற்றி, வாங்குவோரிடம் சேர்த்தல் – 2 நாள்.

இந்த நாட்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் 69 நாள் வரும். ஆனால் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கக் கூடியவை. ஆதலின் காரியம் முடிய 69 நாள் ஆகாது. எத்தனை நாள் ஆகும் என்பதை அறிய இரண்டு கணக்குகள் செய்ய வேண்டும்.

ஏறுகணக்கும் இறங்குகணக்கும்

முதலாவது ஏறுகணக்கு. தொடக்கத்திலிருந்து முடிவு நோக்கிச் சென்று, ஒவ்வொரு வேலையும் மிக முன்னதாக எப்போது முடியும் என்று பார்க்கிறோம். நூல் 6-ஆம் நாள் மாலையில் வந்து சேரும். சாயம் 14-ஆம் நாள் முடியும். பாவு 20-ஆம் நாள் தறியேறும். தார் சுற்றுவது 17-ஆம் நாளே முடிந்துவிடும். அட்டை அடிப்பது 7-ஆம் நாளும், அதை ஏற்றிச் சரிபார்ப்பது 11-ஆம் நாளும் முடியும். மூன்றும் தயாராக வேண்டுமாதலின் நெசவு 20-ஆம் நாளுக்குப் பிறகுதான் தொடங்கும். 44-ஆம் நாள் முடியும். கட்டுவது 48-ஆம் நாளும், சேர்ப்பது 50-ஆம் நாளும் முடியும். ஆக, காரியம் 50 நாளில் நிறைவேறும்.

இரண்டாவது இறங்குகணக்கு. 50-ஆம் நாளிலிருந்து பின்னோக்கி வந்து, காரியம் கெடாமல் ஒவ்வொரு வேலையும் மிகத் தாமதமாக எப்போது முடியலாம் என்று பார்க்கிறோம். கட்டுவது 48-ஆம் நாளுக்குள் முடிய வேண்டும். நெசவு 44-ஆம் நாளுக்குள் முடிய வேண்டும். பாவு, தார், அட்டை ஏற்றுதல் மூன்றும் 20-ஆம் நாளுக்குள் முடிந்தாக வேண்டும். அட்டையை ஏற்ற 4 நாள் வேண்டுமாதலின், அட்டை அடிப்பது 16-ஆம் நாளுக்குள் முடிந்தாக வேண்டும். சாயம் 14-ஆம் நாளுக்குள்ளும், நூல் 6-ஆம் நாளுக்குள்ளும் முடிந்தாக வேண்டும்.

இவ்விரண்டு கணக்கிற்கும் உள்ள வித்தியாசமே அவகாசம். நூல், சாயம், பாவு, நெசவு, கட்டுதல், சேர்த்தல் ஆகிய ஆறு வேலைகளுக்கும் இரண்டு கணக்கிலும் ஒரே நாள்தான் வருகிறது. அவற்றிற்கு அவகாசம் ஏதும் இல்லை. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக விறைத்து நிற்கும் வரிசையை நெருக்கடிப் பாதை என்கிறோம். அதில் ஒரு நாள் தவறினால் முழுக் காரியமும் ஒரு நாள் தவறும். மற்ற நான்கு வேலைகளுக்கும் அவகாசம் உண்டு. ஆனால் அந்த நான்கின் அவகாசமும் ஒரே தன்மையுடையது அன்று. இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

அவகாசத்தின் வகைகள்

முதலாவது, மொத்த அவகாசம். முழுக் காரியம் தாமதிக்காமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பதே இது. அட்டை அடிப்பது 7-ஆம் நாள் முடியக் கூடியது; 16-ஆம் நாள் வரை பொறுக்கலாம். ஆகவே மொத்த அவகாசம் 9 நாள். அட்டையை ஏற்றுவது 11-ஆம் நாள் முடியக் கூடியது. 20-ஆம் நாள் வரை பொறுக்கலாம். அதற்கும் 9 நாள். அவ்வாறாயின் இருவருக்கும் சேர்த்து 18 நாள் அவகாசம் என்று கொள்ளலாமா? கூடாது. அது ஒரே 9 நாள். இருவர் கணக்கிலும் ஒரே பணம் இரு முறை எழுதப்பட்டிருப்பது போன்றது. முன்னவர் எடுத்துக்கொண்டால் பின்னவருக்கு அத்தனை குறையும்.

இரண்டாவது, தடையற்ற அவகாசம். அடுத்து வரும் வேலை தன் முதல் நாளிலேயே தொடங்குவதற்கு இடையூறில்லாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பது இது. அட்டை அடிப்பவருக்கு இவ்வகை அவகாசம் ஒரு நாளும் இல்லை. அவர் ஒரு நாள் தாமதித்தால், ஏற்றுபவர் ஒரு நாள் தாமதித்தே தொடங்க வேண்டும். ஏற்றுபவருக்கோ 9 நாளும் தடையற்ற அவகாசம். ஏனெனில் அவருக்கு அடுத்த வேலையாகிய நெசவு 20-ஆம் நாள் வரை எப்படியும் காத்திருக்கிறது.

மூன்றாவது, குறுக்கிடும் அவகாசம். மொத்த அவகாசத்திலிருந்து தடையற்ற அவகாசத்தைக் கழித்தால் மிஞ்சுவது இது. இதனைச் செலவிட்டால் முழுக் காரியம் கெடாது. ஆனால் அடுத்தவர் அவகாசம் குறையும். ஓர் எடுத்துக்காட்டு: ஜக்கார்டுப் பெட்டிகள் பழுதுபார்க்கப் போயிருந்து 10-ஆம் நாள் மாலையில்தான் திரும்புமென்று வைத்துக்கொள்வோம். அப்போது அட்டை அடிப்பவர் 10-ஆம் நாள் வரை எடுத்துக்கொண்டாலும் ஏற்றுபவருக்கு நஷ்டமில்லை. அவருடைய மொத்த அவகாசமாகிய 9 நாளில் 3 நாள் தடையற்றது. எஞ்சிய 6 நாள் குறுக்கிடுவது. முதல் 3 நாள் அவர் பணம். பின் 6 நாள் பொதுப்பணம் என்று கொள்ளலாம். பெட்டிகள் சங்கத்திலேயே இருந்தால், நாம் முன்பு கண்டவாறு, அவருடைய 9 நாளும் பொதுப்பணமே.

நான்காவது, சுயேச்சை அவகாசம். முன்னுள்ளவர் எவ்வளவு தாமதித்தாலும், பின்னுள்ளவர் எவ்வளவு விரைவில் தொடங்க விரும்பினாலும், இடையில் உள்ளவருக்குக் குறையாமல் நிற்கும் அவகாசம் இது. தார் சுற்றுவதைப் பாருங்கள். அதற்கு முன்னுள்ள சாயவேலை நெருக்கடிப் பாதையில் உள்ளது. காரியம் கெடாமல் அது 14-ஆம் நாளைத் தாண்ட இயலாது. பின்னுள்ள நெசவு 20-ஆம் நாளுக்கு முன் தொடங்காது. நடுவே 6 நாள். வேலைக்கு 3 நாள். மீதி 3 நாள். இது தார் சுற்றுவோருக்கே உரியது; எவரும் பறிக்க இயலாது, அவர்கள் செலவிட்டால் எவருக்கும் குறையாது. லேபிள் அச்சிடும் வேலைக்கும் இவ்வாறே 39 நாள் சுயேச்சை அவகாசம் உண்டு. ஆனால் அட்டை ஏற்றுபவருக்கு உள்ள 9 நாளும் தடையற்றதாயினும் சுயேச்சையானது அன்று. முன்னவர் 16-ஆம் நாள் வரை இழுத்துவிட்டால், 16-க்கும் 20-க்கும் நடுவே 4 நாள், வேலைக்கு 4 நாள், மீதி ஒன்றுமில்லை.

பழி யார்மேல்?

இவ்வேறுபாடுகள் வெறும் பெயர்கள் அல்ல என்பதை ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பார்ப்போம். அட்டை அடிப்பவர் வீட்டில் ஒரு கல்யாணம். 'நமக்கு 9 நாள் இருக்கிறது. 5 நாள் போனால் என்ன?' என்று அவர் போய்வருகிறார். 12-ஆம் நாள் அட்டை தயாராகிறது. அதைக் கோத்து ஏற்றத் தொடங்கியபோது, சில அட்டைகளில் துளை பிசகியிருப்பதும் சில கொக்கிகள் வளைந்திருப்பதும் தெரிகிறது. திருத்த 6 நாள் கூடுதலாகிறது. 16-ஆம் நாள் முடிய வேண்டியது 22-ஆம் நாள் முடிகிறது. நெசவு இரண்டு நாள் தள்ளிப்போகிறது.

இரண்டு நாள்தானே என்று கூறலாம். 20 தறிகளில் பாவு ஏறி, தாரும் தயாராக இருக்க, இரண்டு நாள் ஓடாமல் நின்றால் 40 தறிநாள் கூலி போயிற்று. நெய்த அளவுக்கே கூலி பெறும் குடும்பங்களுக்கு அந்தக் கூலி மறுபடி வராது. பண்டிகைச் சந்தையோ இரண்டு நாள் பொறுத்திருப்பதில்லை.

இப்போது சங்கத்தில் யார்மேல் பழி விழும்? அட்டை ஏற்றியவர் மேல். அவர் 4 நாள் வேலையை 10 நாள் செய்தார் என்று கணக்கு காட்டும். கல்யாணத்துக்குப் போன 5 நாளும் கையில் இருந்திருந்தால், அவர் 17-ஆம் நாளே முடித்திருப்பார். ஒரு தறியும் நின்றிராது. இதனால் கல்யாணத்துக்குப் போனது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. மனிதர் வாழ்வில் கல்யாணமும் காரியமும் வரத்தான் செய்யும். அவகாசம் இருப்பதும் அதற்காகவே. சொல்லாமல் போனதே குறை. 'எனக்கு 5 நாள் வேண்டும், உங்களுக்கு 4 நாள்தான் மிஞ்சும், போதுமா?' என்று அவர் கேட்டிருந்தால், அடித்த மட்டில் உள்ள அட்டைகளை முன்னதாக வாங்கிப் பார்த்திருக்கலாம். பெட்டிகளை முன்னதாகச் சோதித்திருக்கலாம்.

பெரிய கட்டட வேலைகளிலும் இதே வழக்கு எழுந்ததுண்டு. கட்டுவிக்கும் உரிமையாளர், 'அவகாசம் எனது' என்பார். கட்டும் காண்டிராக்டர், 'எனது' என்பார். இதனைத் தீர்க்கப் பல ஒப்பந்தங்களில், அவகாசம் இருவரில் ஒருவருக்கு மட்டும் உரியதன்று, அது வேலைக்கே உரியது என்று எழுதிவைப்பர். பங்குத் தொகையையும் இலாபத்தையும் பொதுவில் வைத்துப் பழகிய நமக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. காலத்துக்கும் அதனைப் பொருத்துவதே இங்கு வேண்டுவது.

குறை அவகாசம்

சில சமயம் கணக்கில் அவகாசம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். மேற்சொன்ன ஆர்டரை 46-ஆம் நாளே வேண்டும் என்று வாங்குவோர் கேட்டதாகக் கொள்வோம். நெருக்கடிப் பாதையில் உள்ள வேலைகள் ஒவ்வொன்றுக்கும் 4 நாள் குறைகிறது. இதனைக் குறை அவகாசம் என்கிறோம். அட்டை வரிசைக்கு 9 நாளில் 4 போய் 5 நாள் இன்னும் மிச்சமிருக்கிறது. தார் சுற்றுவதற்கு இருந்த 3 நாளும் போய், ஒரு நாள் குறைவு ஏற்படுகிறது.

இந்நிலையில், 'எல்லோரும் இரவு பகலாக வேலை செய்யுங்கள்' என்று உத்தரவிடுவது எளிது; பயன் குறைவு. அட்டை அடிப்பவருக்கு இரவு வேலைக் கூலி கொடுத்தால் அப்பணம் வீண். அங்கே அவகாசம் ஏற்கெனவே இருக்கிறது. பாவு ஏற்றும் வேலையை 6 நாளிலிருந்து 2 நாளாகக் குறைத்தால் போதுமா? போதாது. பாவு 16-ஆம் நாள் தயாராகும். தார் 17-ஆம் நாள்தான் முடியும். நான்கு நாள் செலவு செய்து மூன்று நாளே கிடைக்கும். ஒரு பாதையைச் சுருக்கும்போது அடுத்த பாதை நெருக்கடியாகிவிடுகிறது என்பதை மறக்கலாகாது. நெசவைச் சுருக்கலாமா? 20 தறிகள் 24 நாள் ஓடினால் 480 தறிநாள். 24 தறிகளை ஓட்டினால் 20 நாளில் முடியும். மேலும் 4 தறிகளுக்குப் பாவும், அட்டையும், ஆளும் உண்டா என்று பார்த்து, உண்டெனில் ஆர்டரை ஏற்கலாம். இல்லையெனில் முன்கூட்டியே மறுக்கலாம். முதல் நாளே மறுப்பது மானம். கடைசி நாளில் கைவிரிப்பது அவமானம்.

ஏட்டில் உள்ள அவகாசமும் ஆளிடம் உள்ள அவகாசமும்

மேற்கண்ட கணக்கு, ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய ஆள் வேண்டிய நாளில் கிடைப்பார் என்று கொண்டு செய்யப்பட்டது. சிறிய சங்கங்களில் அவ்வாறு இருப்பதில்லை. அட்டையை ஏற்றிச் சரிபார்க்கும் தறிமேஸ்திரியே பாவை ஏற்றும் வேலைக்கும் வேண்டியவராக இருப்பார். பாவு வேலை 15-ஆம் நாள் காலையில் தொடங்குகிறது. ஆகவே அவர் அட்டை வேலையை 14-ஆம் நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஏட்டில் 9 நாளாக இருந்த அவகாசம் உண்மையில் 3 நாளாகச் சுருங்கிவிடுகிறது. ஆதலின் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே செய்பவர் பெயரையும் எழுதி, ஒரே பெயர் ஒரே நாளில் இரண்டு இடங்களில் வருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

வயலிலும் இதே கணக்கு

விவசாய அங்கத்தினர்களும் இக்கணக்கைத் தம் அனுபவத்தில் அறிவர். காவிரிப் பாசனத்தில் மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் நீர் இருப்பைப் பொறுத்து அது முன்பின்னாக மாறுவதுண்டு. 2022-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. பல ஆண்டுகளில் தாமதித்தும் திறந்திருக்கிறார்கள். வாய்க்காலில் நீர் வந்தபின் உழுது, சேறு கலக்கி, பரம்படிக்க 15 நாள் வேண்டும் என்றும், ஆழ்குழாய்க் கிணற்று நீரில் விடும் குறுவை நாற்றுக்கு 22 நாள் வேண்டும் என்றும் கொள்வோம். நீர் வருவதற்கு 7 நாள் முன்பு விதை விட்டால் நாற்றும் நிலமும் ஒன்றாகத் தயாராகும்.

ஒருவர் எதற்கும் முன்னதாக இருக்கட்டும் என்று 15 நாள் முன்பே விதை விடுகிறார். ஏட்டுக் கணக்கில் அவருக்கு 8 நாள் அவகாசம் கிடைத்தது. உண்மையில் அது அவகாசமன்று. நாற்று அந்த 8 நாளும் நாற்றங்காலில் நின்று 30 நாள் நாற்றாக முதிர்கிறது. குறுகிய கால நெல்லில் முதிர்ந்த நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூலும் குறையும். காத்திருக்க வேண்டுமாயின் விதை மூட்டையில் காத்திருக்கட்டும். நாற்று காத்திருக்க வேண்டாம்.

நெசவிலும் இப்படியே. மழைக்காலத்தில் கஞ்சி போட்ட பாவை நாட்கணக்கில் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அச்சிட்ட லேபிளோ ஒரு மாதம் அலமாரியில் இருந்தாலும் கெடாது. ஆகவே அவகாசம் எத்தனை நாள் என்று கேட்பதோடு, அதனை வேலைக்கு முன்னால் செலவிடுவதா, பின்னால் செலவிடுவதா என்றும் கேட்க வேண்டும். கெடும் பொருளாயின் தொடங்குவதைத் தாமதிக்கலாம். ஆயினும் முழு அவகாசத்தையும் முன்னாலேயே தீர்த்துவிட்டால் எதிர்பாராத தடைக்கு ஒன்றும் மிஞ்சாது. கெடாத பொருளாயின் முதலிலேயே முடித்து வைப்பது நிம்மதி.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவற்றைச் செயலில் கொண்டுவர ஒரு பெரிய காகிதமும் ஒரு பென்சிலும் போதும். ஆர்டர் வந்தவுடன் காரியதரிசியும், சாயப்பட்டறை, தறிக்கூடம், பண்டகசாலை ஆகியவற்றைச் சேர்ந்தோரும் ஒன்றாக அமர்ந்து வேலைகளைப் பட்டியலிட வேண்டும். நாட்களை, அந்தந்த வேலையைச் செய்பவரே கூற வேண்டும். பிறர் அவருக்காகக் கூறலாகாது. ஒவ்வொன்றுக்கும் முன் எது முடிய வேண்டும் என்று குறித்து, ஏறுகணக்கும் இறங்குகணக்கும் செய்துகொள்ள வேண்டும். நெருக்கடிப் பாதையில் உள்ள வேலைகளைச் சிவப்பு மையால் எழுதி, அனைவரும் காணும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

மற்ற வேலைகளுக்கு எதிரே அவகாசத்தை ஒரே எண்ணாக எழுதாமல், 'சொந்தம் இத்தனை, பொது இத்தனை' என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது நலம். சொந்தத்தைச் செலவிட எவரையும் கேட்க வேண்டியதில்லை. பொதுவைச் செலவிடுமுன் அடுத்தவரிடமும் காரியதரிசியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு முறை கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஏனெனில் நேற்று 9 நாள் அவகாசம் இருந்த வேலை இன்று நெருக்கடியில் வந்து நிற்கலாம்.

பொதுப்பணத்தில் ஒரு ரூபாயைச் சொல்லாமல் எடுத்தால் அது குற்றமென்று நம் சங்கங்களில் குழந்தையும் அறியும். பொதுக் காலத்தில் ஒரு நாளைச் சொல்லாமல் எடுப்பதும் அத்தகையதே. ரூபாய் குறைந்தால் தணிக்கையில் தெரியும். நாள் குறைந்தால், தறி நின்ற பிறகே தெரியும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் வழி இதுவாதலின், அடுத்த ஆர்டரிலாவது, அடுத்த நடவிலாவது அங்கத்தினர்கள் இதனைச் செய்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.